பாமாவின் கையெழுத்து

டோர்ட்மண்ட்
9 பெப்ரவரி 2025

பாமா,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். உன் அப்பா விமலநாதன், சாம்பல் நிறக் கோட்டில். அதன் இரண்டாவது பொத்தானை அன்று காலையில்தான் தைத்துக் கொடுத்தேன். நீ, பதினேழு வயது, நீல ஸ்வெட்டர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. உன் தம்பி ஸ்ரீதரன், பதினொரு வயது, மூக்கு ஒழுகியபடி. எங்களுக்காக ஜெர்மன் பேச வந்த பரராசசிங்கம் அண்ணை. மேசைக்கு அந்தப் பக்கம் அந்த அரசாங்கக் கந்தோர்ப் பெண், பெயர் ஹோல்ட்காம்ப், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். 1996 ஒக்டோபர் எட்டு, செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. ஜன்னலோரம் ஒரு கள்ளிச்செடி, தண்ணீர் கூடி அழுகிப்போய் நின்றது.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதம். அதில் நீ கேட்டது, நாங்கள் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்த நாளில் உன் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்தது யார் என்று. சுகமா என்று ஒரு வரியும் இருந்தது, மூன்றாவது பத்தியில். எண்ணித்தான் பார்த்தேன்.

கடிதத்தைக் கண்டதும் ஸ்ரீதரன் போனை நீட்டினான். "எடுத்துக் கதையுங்கோவன் அம்மா, இன்னும் எத்தினை வருசத்துக்கு?" என்றான். நான் வாங்கவில்லை. நீ டெல்ரோயைக் கட்டிக்கொண்டு அவனுடைய தீவுக்குப் போன கிழமை, அம்மாள் கோயிலில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, கையை மூடி அதை நூர்த்து, இனி உன் குரலைக் காதால் கேட்பதில்லை என்று சத்தியம் செய்தவள் நான். தழும்பு இன்னும் இருக்கிறது. எழுதுவதைப் பற்றி அம்மாளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கையெழுத்தை யார் வைத்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ ஒன்றைக் கேட்டால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும். ஏழு வயதிலும் அப்படித்தான். பின்னால் இருப்பதை முதலில் சொல்.

உன் அம்மா
நேசமலர்


சென் ஆர்னோ
27 பெப்ரவரி 2025

அம்மா,

உங்கள் கடிதத்தைத் தபால் நிலைய வாசலில் நின்றே படித்தேன். கள்ளிச்செடி வரைக்கும் வந்தபோது சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டபடி பின்னால் இருப்பதைச் சொல்கிறேன். அதற்கு நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கொலோனில் நான் எழுதித் தேறிய சட்டப் பரீட்சை இங்கே செல்லாது. இருபத்தெட்டு வயதில் திரும்பவும் முதலாம் வருட மாணவி. பிறகு துறைமுகத்தில், வலை பின்னுகிற கடைக்கு மேலே ஓர் அறை. மழை பெய்தால் கோப்புகளைக் கட்டிலில் அடுக்குவேன். முதல் மூன்று வருடமும் மீன்பிடிக்காரரின் வழக்குகள்தான். அவர்களுடைய கடற்கரையை ஒரு ஹோட்டல் வேலி போட்டு மறித்திருந்தது. அதில் வென்றோம். 2014இல் பக்கத்துத் தீவிலிருந்து படகில் தப்பி வந்த முப்பத்தொரு பேரைப் பிடித்து அடைத்தார்கள். யாரும் அந்த வழக்கை எடுக்கவில்லை. நான் சிறைக்குப் போனபோது ஒரு பெண் தன் கடதாசிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். ஜெர்மனிக்கு வந்த அன்று நீங்கள் கட்டியிருந்ததைப் போல. எடுத்தேன். கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்முறையீட்டில் வென்றேன். என் அலுவலகக் கண்ணாடியை இரண்டு தரம் உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு இங்குள்ள ஒரு கட்சி மூன்று முறை என்னைத் தேர்தலில் நிற்கக் கேட்டது. மூன்று முறையும் மறுத்தேன். இந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் ஜெர்மன் குடியுரிமை போய்விடும் என்பது அப்போதைய சட்டம். ஆகவே நான் மற்றவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அமைச்சர் ஆனார்கள். போன வருடம் ஜெர்மனி சட்டத்தை மாற்றியது, இரண்டையும் வைத்திருக்கலாம் என்று. உடனே இங்கே குடியுரிமை எடுத்தேன். இப்போது கிழக்குத் தொகுதி உறுப்பினர் இறந்துவிட்டார். யூன் 12 இடைத்தேர்தல். வேட்பாளர் நான்.

சிக்கல் இதுதான். இந்த நாட்டு அரசியல் யாப்பு சொல்கிறது: தன் சொந்தச் செயலால் வேறொரு நாட்டுக்கு விசுவாசம் ஏற்றவர் பாராளுமன்றத்துக்கு நிற்க முடியாது. எதிர்த்து நிற்பவர் அந்த ஹோட்டல்காரரின் மருமகன். ஏற்கெனவே சட்டத்தரணி பிடித்துவிட்டார். 1996இல் எனக்காக நீங்களும் அப்பாவும் கையெழுத்து வைத்திருந்தால், அது உங்கள் செயல், என்னுடையது அல்ல. வாதாடலாம். இரண்டையும் வைத்துக்கொண்டே நிற்கலாம். நானே வைத்திருந்தால், மே மாதம் முடிவதற்குள் ஜெர்மன் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். பழைய கோப்பை அங்கிருந்து எடுப்பிக்க மாதக்கணக்காகுமாம். எனக்கோ அந்த நாளில் நினைவிருப்பது, வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்று தின்ற உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும்.

இந்த நாட்டுக் கடவுச்சீட்டில் ஜெர்மனிக்கு வர விசா வேண்டும். ஆறு கிழமை, சில வேளை மூன்று மாதம். இத்தனை வருடம் நான் ஏன் அமைச்சருக்குப் பேச்சு எழுதுபவளாகவே இருந்தேன் என்று டெல்ரோய்கூடக் கேட்டதுண்டு. நீங்கள் ஒரு நாள் கூப்பிட்டால் அன்றைக்கே புறப்பட வேண்டும் என்பதற்காக.

யார் வைத்தது, அம்மா? தெரிந்ததை ஒரு சத்தியக் கூற்றாக எழுதி அனுப்புங்கள்.

பாமா


டோர்ட்மண்ட்
16 மார்ச் 2025

பாமா,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. எழுத்துக்கூட்டி நானே இரண்டு நாள் படித்தேன்.

உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறாய். ஸ்ரீதரனின் மகள் ஆதிரை தன் போனில் நீ மேடையில் பேசுவதையெல்லாம் தேடிக் காட்டுவாள். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். குரல் கேட்கக் கூடாதே. நீ வாயைத் திறப்பாய், வலது கையை நீட்டுவாய், தண்ணீர் குடிப்பாய். "அப்பம்மா, மாமி என்ன சொல்லுறா எண்டே தெரியாமல் என்னத்தைப் பாக்கிறியள்?" என்று அவள் சிரிப்பாள். "மெலிஞ்சு போனாளோ எண்டு பாக்கிறன்" என்பேன். மெலிந்துதான் போனாய். ஒரு முறை கறுப்பு அங்கியோடு கோர்ட்டுப் படியில் நின்றாய். கீழே நின்றவர்கள் கையை ஓங்கிக் கத்தினார்கள். நீ அசையவில்லை. அந்த இடத்தை நாலு தரம் பார்த்தேன். உன்னை வாழ்த்துகிறார்களா ஏசுகிறார்களா என்று சத்தம் இல்லாமல் எனக்கு விளங்கவில்லை. இப்போது உன் கடிதத்தைப் பார்த்தால் அது அந்தப் படகில் வந்தவர்களின் வழக்கு. ஏசித்தான் இருக்கிறார்கள்.

இப்போது என் பக்கத்தைக் கேள். 2018இல் அப்பாவின் செத்தவீட்டுக்கு நீ வந்தாய். செய்தி போன மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்துவிட்டாய். மஞ்சள் கைப்பையோடு பின்வரிசையில் நின்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நீ உள்ளே வந்த நேரம் எனக்குத் தெரியும். குதிக்கால் சப்பாத்தின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. தேவாரம் முடியுமட்டும் என் முதுகு உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு இப்போது எழுபத்தாறு. முழங்கால் போய்விட்டது, சீனி ஏறி இறங்குகிறது. நான் கண்ணை மூடினால் நீ விசாவுக்கு வரிசையில் நின்றுவிட்டா வரப்போகிறாய்? அதுவரைக்கும் என்னைக் குளிர்ப்பெட்டியிலா வைத்திருப்பார்கள்?

அந்தப் பாஸ்போர்ட்டுக்காகப் பதினொரு வருடம் மற்றவர்களின் கக்கூசைக் கழுவினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாங்கள் இருக்கலாமா போக வேண்டுமா என்று ஒரு முத்திரை குத்துவார்கள். அதற்காகக் காலையில் நாலரைக்கே வரிசை. உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நீ கேட்ட கூற்று இதோ.

1996 ஒக்டோபர் 8ஆம் திகதி என் மகள் பாமாவுக்காக நானும் என் கணவர் விமலநாதனும் கையெழுத்து வைத்தோம். அவள் வைக்கவில்லை. இது சத்தியம். வி. நேசமலர்.

தேர்தலில் நில். பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்.

அம்மா


சென் ஆர்னோ
8 ஏப்ரல் 2025

அம்மா,

கூற்று கிடைத்தது. கட்சியின் சட்டத்தரணி சுதீர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மேசையில் தட்டிச் சிரித்தார். அவருடைய பூட்டனார் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் தெரியாது, பெயர் மட்டும் மிச்சம். "உன் அம்மா நம்மைக் காப்பாற்றிவிட்டார்" என்றார்.

நான் அதைக் கோப்பில் வைக்கவில்லை. இத்தனை வருடமாகச் சாட்சிகளைக் கேட்டுத்தான் பிழைக்கிறேன். முதல் கடிதத்தில் அப்பாவின் கோட்டில் இரண்டாவது பொத்தான் இருந்தது. தம்பியின் மூக்கு இருந்தது. அழுகிய செடி இருந்தது. கூற்றில் பேனாவின் நிறம்கூட இல்லை. யார் முதலில் வைத்தது, யார் பிறகு, அந்தப் பெண் என்ன சொன்னாள், ஒன்றும் இல்லை. உங்களுக்கு மறந்திருக்காது. ஆகவே அது அப்படி நடக்கவில்லை.

பொய்க் கூற்றோடு நான் வேட்புமனு கொடுக்க மாட்டேன். என்றைக்காவது ஒருவன் அந்தக் கோப்பை எடுப்பான் என்பதற்காக மட்டும் அல்ல. பொய்க் கடதாசி காட்டினார்கள் என்று சொல்லித்தான் அந்த முப்பத்தொரு பேரையும் திரும்பவும் கடலில் விடப் பார்த்தார்கள். அவர்களுடைய கடதாசி உண்மை என்று நான் கோர்ட்டில் நின்று சொன்னவள்.

எனக்குக் கோபம் வருகிறது, அம்மா. பதினெட்டு வருடம் ஒரு சொல் இல்லை. இப்போது செய்த முதல் உதவி ஒரு பொய். 2007 மார்கழியில் நான் போன் எடுத்தேன். "அம்மா" என்றதும் வைத்தீர்கள். தை மாதம் எடுத்தேன், வைத்தீர்கள். அதற்குப் பிறகும் நான் உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னோடு பேசினார். பதினொரு வருடம், ஒரு கிழமைகூடத் தவறவில்லை. நோர்ட்ஸ்டாட்டில் ஒரு போன் கடை, பிறகு கையில் போன் வந்ததும் கால்வாய்க் கரை. நான் முதலில் கேட்பது உங்களைப் பற்றித்தான். முழங்கால் எப்படி, என்ன சமைத்தீர்கள், கம்பளிக் காலுறை போடுகிறீர்களா. எல்லாம் சொல்வார். நான் வரட்டுமா என்றால் மட்டும் பெருமூச்சு விடுவார். "உன்ரை பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுறா, பிள்ளை. இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும்."

என் மகள் கவிசா பிறந்தபோது அப்பாதான், தமிழ்க் கடையில் வாங்கியது என்று சொல்லி, பத்தியத்துக்குச் சரக்குத்தூள் அனுப்பினார். டெல்ரோய் அதை மீனில் போட்டுக் காய்ச்சித் தந்தான். முதல் வாய்க்கு அழுதுவிட்டேன். கடைத்தூள் என்று நம்ப முடியவில்லை.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. உங்கள் படத்தைப் பார்த்து, இவர் ஏன் சிரிப்பதில்லை என்று கேட்கிறாள்.

நடந்ததை எழுதுங்கள். அது எனக்குப் பாதகமாக இருந்தாலும்.

பாமா


டோர்ட்மண்ட்
29 ஏப்ரல் 2025

பாமா,

பேனா நீலம். கந்தோருடையது, நூலால் மேசையோடு கட்டியிருந்தது. முதலில் அப்பா வைத்தார். பிறகு நான். ஸ்ரீதரனுக்கு நாங்கள் இருவரும் வைத்தோம். உனக்கும் வைப்பதற்குப் பேனாவைக் கொண்டுபோனேன். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். பதினாறு முடிந்தவர்கள் தாங்களே வைக்க வேண்டும் என்றாள். பரராசசிங்கம் அண்ணை தமிழில் சொல்வதற்குள் நீ விளங்கிக்கொண்டாய்.

நீ பேனாவைத் தொடவில்லை.

"நான் வைக்கமாட்டன்" என்றாய்.

அப்பா மெல்லக் கேட்டார், ஏன் பிள்ளை என்று.

"திரும்பிப் போவம், திரும்பிப் போவம் எண்டு வருசா வருசம் நீங்கள்தானே சொல்லுறியள். அப்பம்மா மரத்துக்குக் கீழை படுத்திருக்கிறா. நான் ஜெர்மன்காரியாகி அவவின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

அப்பாவின் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "விடுவம் நேசம், பிள்ளை பிறகு வைக்கட்டும்" என்றார். பரராசசிங்கம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு குடும்பம். அந்தப் பெண் உன் தாளைத் தனியாக எடுத்து வைக்கப் போனாள்.

மேசைக்குக் கீழே கையை விட்டு உன் தொடையைக் கிள்ளினேன். நகத்தோடு பிடித்துத் திருகினேன், விடவில்லை. நீ சத்தம் போடவில்லை. நேரே பார்த்துக்கொண்டே பேனாவை எடுத்தாய். கண்ணீர் தாளில் விழுந்தது. உன் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பிள்ளை சந்தோசத்தில் அழுகிறாள் என்று பரராசசிங்கம் அண்ணை அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்த்தார். அவள் உனக்குக் கைகொடுத்தாள்.

அடுத்த நாள் நீ குளிக்கப் போகும்போது பார்த்தேன். நாவல்பழம் மாதிரிக் கன்றியிருந்தது. எண்ணெய் பூசவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கை உன்னுடையது. கிள்ளு என்னுடையது. உன் சட்டம் எதைச் சொந்தச் செயல் என்கிறது என்று எனக்குத் தெரியாது. இதற்குள் ஒரு பொய்யும் இல்லை. நீ அங்கே வேறு நாட்டுக்காரியாகிப் போவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ பொய் வேண்டாம் என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். தன் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார்கள் என்று அப்பா மூன்று மணிக்கு வெளிக்கிடுவார். மழையிலும் போவார். நான் குடை கொடுத்து விடுவேன். அதைப் பற்றி இப்போது என்னால் எழுத ஏலாது.

ஒன்று மட்டும் சொல். அந்தச் சரக்குத்தூள் எதில் வந்தது?

அம்மா


சென் ஆர்னோ
30 மே 2025

அம்மா,

முடிந்துவிட்டது.

ஜனவரியிலேயே, வேண்டிவந்தால் என்று, குடியுரிமையை விலக்கிக்கொள்ள விண்ணப்பம் கொடுத்திருந்தேன். பத்திரம் தூதரகத்துக்கு வந்து காத்துக்கிடந்தது. அதைக் கையில் வாங்கும் வரைக்கும் நான் ஜெர்மன்காரி, வாங்கிய நிமிடத்திலிருந்து இல்லை. உங்கள் கடிதத்துக்காகத்தான் போகாமல் இருந்தேன்.

நீங்கள் எழுதிய பிறகுதான் அந்தக் கிள்ளு எனக்கே நினைவுக்கு வந்தது. கடிதத்தை சுதீருக்கு வாசித்துக் காட்டியதும் அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து சொந்தச் செயல் அல்ல, இதை வைத்தே வெல்லலாம் என்றார். வெல்லலாம்தான். அதற்கு உங்களைச் சாட்சியாக்கி, நீங்கள் என்னைக் கொடுமைப்படுத்தினீர்கள் என்று நானே எழுத வேண்டும். அந்தக் கையெழுத்தால்தான் நான் பல்கலைக்கழகம் போனேன், கொலோனில் சட்டம் படித்தேன், விடுதிச் சமையலறையில் டெல்ரோயைக் கண்டேன், இங்கே வந்தேன். அதை வைத்தது நான் அல்ல என்று சொல்ல மனம் வரவில்லை. நான்தான் வைத்தேன். வலித்தது, வைத்தேன்.

தூதரகம் பக்கத்துத் தீவில். படகில் போய் வந்தேன். சின்ன அறை. இளம் அதிகாரி ஒருவர், ஜெர்மனில் பேசினார். நான் பேசும் ஜெர்மனில் டோர்ட்மண்ட் வாடை அடிக்கிறது என்று சிரித்தார். உறுதிதானா என்று இரண்டு தரம் கேட்டார். பேனா கறுப்பு. யாரும் கிள்ளவில்லை. கடவுச்சீட்டின் மூலையில் ஓட்டை போட்டு, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்தார். வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். உங்கள் வீட்டு வாசல் அந்தக் கடவுச்சீட்டைப் பார்த்தால்தான் வழிவிடும் என்ற எண்ணம் விட்டுப் போகவில்லை.

மறுநாள் வேட்புமனு கொடுத்தேன். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி கடதாசிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

இனி நீங்கள் கூப்பிட்டால் அன்றைக்கே வர முடியாது, அம்மா. கொஞ்சம் முன்கூட்டிக் கூப்பிடுங்கள்.

சரக்குத்தூள் இரண்டு ஊறுகாய்ப் போத்தலில் வந்தது. வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, மேலே மூடி போட்டு, சுற்றிவர ஒரு பழைய துவாய். ஏன் கேட்கிறீர்கள்?

பாமா


டோர்ட்மண்ட்
22 யூன் 2025

பாமா,

நூற்றுப் பதினேழு வாக்கால் வென்றாய் என்று ஆதிரை வந்து சொன்னாள். அவள் சொல்லும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நல்லதாய்ப் போயிற்று. ஸ்ரீதரன் கோயிலில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். பரராசசிங்கம் அண்ணை, எண்பத்தெட்டு வயது, தடியோடு வந்து, "உன்ரை மோளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் குடுத்தது நான்தானே" என்றார். ஓம் என்றேன். இத்தனை வருடம் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் முகத்தைத் திருப்புவேன்.

விசா உனக்குத்தான் வேண்டும். உன் தீவுக்கு வர எனக்கு வேண்டாமாம். ஆதிரை தேடிப் பார்த்துச் சொன்னாள், ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தால் மூன்று மாதம் இருக்கலாமாம். என்னுடையது 2019இலேயே முடிந்து அலுமாரியில் கிடந்தது. புதுப்பிக்க நானே டெர்மின் கேட்டு நாளும் நேரமும் எடுத்து, நானே ட்ராமில் போனேன். கைரேகை மெசினில் விழவில்லை. கழுவிக் கழுவித் தேய்ந்த விரல். அங்கே இருந்த இளைஞன் நாலு தரம் அழுத்தச் சொல்லி, பிறகு தன் கைக்குட்டையால் என் விரலைத் துடைத்துவிட்டு ஐந்தாம் தரம் எடுத்தான். விழுந்தது.

செப்ரெம்பர் நாலாம் திகதி புறப்படுகிறேன். ஸ்ரீதரன் பயப்படுகிறான், தனியாக எப்படி என்று. கடதாசியை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவளுக்கு இது என்ன என்றேன். போன வெள்ளி கோயிலுக்குப் போய் அம்மாளிடமும் சொல்லிவிட்டேன், சத்தியம் வைத்தது நான், மீறுவதும் நான், என்ன தருவதாய் இருந்தாலும் எனக்கே தா என்று. ஐயர் ஒரு அபிஷேகம் சொன்னார். செய்வித்தேன். விமான நிலையத்தில் நீ வாயைத் திறக்காதே. நான் முதலில் பேச வேண்டும், என்ன பேசுவது என்று இன்னும் தெரியாது. கவிசாவிடம் சொல், படத்தில் சிரிக்காதது பல்லு விழுந்திருந்ததால்.

இப்போது போத்தல்.

கவிசா உன் வயிற்றில் ஏழு மாதம் என்று ஸ்ரீதரன் சொன்ன அன்று, அப்பாவிடம் நான் கேட்டேன். "எனக்கு அவளிட்டைப் போகோணும். தாய் இல்லாமல் என்ன பிள்ளைப்பெறு. அவளிட்டை ஆரைப் பிடிச்சாவது கேட்டுச் சொல்லுங்கோ." அடுத்த ஞாயிறு நடை முடிந்து வந்து, குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "அவள் வரவேண்டாமாம், நேசம்." நான் சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தேன். மூன்றாம் நாள் எழும்பி மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் வறுத்து, என் கையால் இடித்து அரித்து, இரண்டு ஊறுகாய்ப் போத்தலில் போட்டு, அவருடைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வாயைக் கட்டினேன். "ஆரும் போற ஆக்களிட்டைக் குடுத்து விடுங்கோ. அம்மா இடிச்சது எண்டு சொல்லோணும்" என்றேன். "ஓம்" என்றார்.

உன்னிடம் கேட்கவே இல்லை, அப்படித்தானே? நான் வரக் கேட்டது உனக்குத் தெரியாது. நீ வரக் கேட்டது எனக்குத் தெரியாது.

ஏன் செய்தார் என்று இரண்டு மாதமாக யோசித்தேன். கெட்ட மனிதர் அல்ல. உன்னோடு பேசிவிட்டு வந்த ஞாயிறு மாலைகளில் அவர் முகம் வெளிச்சமாக இருக்கும். நடந்தால் இரத்தம் ஓடும், நல்லது என்று நான் நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டால் அந்த ஒரு மணித்தியாலம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். நான் போனைப் பிடுங்கிக்கொள்வேன். அது அவருக்கு மட்டும் வேண்டியிருந்தது. எனக்கு விளங்குகிறது.

உன்னை மன்னித்தேன், நீ கேட்காவிட்டாலும். டெல்ரோயை மன்னித்தேன், என் தூளை மீனில் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தவன், தெரியாமலே என் வேலையைச் செய்தவன். பரராசசிங்கம் அண்ணையை மன்னித்தேன். அந்தக் கந்தோர்ப் பெண்ணிடம் எனக்கு ஒன்றும் இல்லை. என் கையையும் மன்னித்துவிட்டேன், அது கிள்ளியிருக்காவிட்டால் நீ இல்லை.

செத்தவரோடு கோபம் வைக்கக் கூடாது என்று ஐயர் சொல்கிறார். மாலை போட்ட படம் கூடத்தில் இருக்கிறது, தினமும் விளக்கு வைக்கிறேன், அவருக்குப் பிடித்த கோப்பியையும் வைக்கிறேன். நாற்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்தோம். ஆனால் நான் இடித்ததைக் கடையில் வாங்கியதாகச் சொன்ன வேலாயுதர் மகன் விமலநாதனை நான் மன்னிக்க மாட்டேன்.